கண்ணும் கருத்தும்: எடுப்பா தெரியுறதும் தெரியாமப் போறதும்

இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே சங்கதியத்தான் சுத்தி வருது. ஏன் ஒண்ணு டக்குன்னு கண்ணுல படுது, ஏன் இன்னொண்ணு கண்ணுக்கு முன்னாடியே கிடந்தும் படமாட்டேங்குது. அதனால இந்த வாரம் அது மட்டும்தான். நான் மண்டபம் ஊருல 28 வருஷம் சயின்ஸ் டீச்சரா இருந்தவ, கூடப்பொறந்தவங்க எல்லாரும் கடலுக்குப் போறவங்க, அதனால இது எனக்கு வெறும் பாடம் இல்ல.

பாம்பன்ல இருந்து நாட்டுப்படகு மீனவர் ஒருத்தர்: "டீச்சர், வலைக்கு அடையாளமா போயாவுல (மிதவையில) சிவப்புக் கொடி கட்டுறோம். மத்தியானம் தூரத்துல இருந்தே பளிச்சுன்னு தெரியுது. பொழுது சாஞ்சா பக்கத்துல வந்தும் தேடிக்கிட்டே கிடக்க வேண்டிருக்கு. எனக்கு கண்ணு கெட்டுப்போச்சா?"

தம்பி, உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, மொதல்ல அந்த பயத்த விடுங்க. நம்ம கண்ணுக்குள்ள பகலுக்கு ஒரு வகை செல்லு, இருட்டுக்கு ஒரு வகை செல்லு, கூம்பு, குச்சின்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. பகல் பார்வைக்கு ரொம்ப பிரகாசமா தெரியுற வெளிச்சத்தோட அலைநீளம் 555 நானோமீட்டர், அது பச்சை கலந்த மஞ்சள். இருட்டுப் பார்வைக்கு 507, அது நீலம் ஏறுன பச்சை. சிவப்ப குச்சி செல்லு கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. பொழுது சாயச் சாய கூம்பு ஒதுங்கி குச்சி வேலைக்கு வருது பாருங்க, அந்த நேரத்துல நீங்க கட்டுன சிவப்புத் துணி கருப்பாப் போயிடும், கடலும் கருத்துக்கிட்டே வரும், கருப்புல கருப்பத் தேடுனா எங்க கிடைக்கும். செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்யே இத 200 வருஷத்துக்கு முன்னாடியே கவனிச்சு எழுதி வச்சிருக்காரு, பூந்தொட்டியில பகல்ல ஜொலிக்கிற சிவப்புப் பூ இருட்டுனதும் இலையவிட கருப்பா தெரியும், இன்னிக்கு சாயந்திரம் உங்க வீட்டு செம்பருத்தியவே பாருங்க.

ஆனா நிறத்தோட கதை முடியல. எடுப்பா தெரியுதுன்னு நாம சொல்றோமே, அந்த எடுப்பு பொருள்ல இல்லவே இல்ல, பொருளுக்கும் அத சுத்தி இருக்கறதுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துலதான் இருக்கு. மூளை அளக்குறது அந்த வித்தியாசத்த. அதனாலதான் அலை வெள்ளையா நுரைச்சு உடையுற அன்னிக்கு வெள்ளைக் கொடி போயிடும், கடல் கண்ணாடியா கிடக்குற அன்னிக்கு அதே கொடி தூரத்துலயே தெரியும். இன்னொண்ணும் சொல்றேன். ஆன் ட்ரீஸ்மன்னு மனோதத்துவ ஆராய்ச்சி பண்ணுன ஒரு அம்மா, கெலேட்னு இன்னொருத்தரோட சேந்து 1980-ல எழுதுன கட்டுரை, கவனத்தப் பத்தின ஆராய்ச்சியில ரொம்பப் பெருசு. பச்சைக்கு நடுவுல ஒரே ஒரு சிவப்பு இருந்தா, பச்சை 10 இருந்தாலும் 30 இருந்தாலும் கண்டுபிடிக்க ஒரே நேரம்தான் ஆகும், அதுவா வந்து கண்ணுல விழும். ஆனா ரெண்டு அடையாளத்த சேத்து தேடணும்னா, சிவப்பாவும் இருக்கணும் கோடும் இருக்கணும்னா, கண்ணு ஒண்ணொண்ணா போய் நின்னு பாக்கணும், கூட்டம் கூடக்கூட நேரமும் கூடும். உங்க பக்கத்துல வல விட்டவங்க எல்லாரும் சிவப்புதானே கட்டிருக்காங்க? அப்ப உங்க சிவப்பு சிவப்பே இல்ல.

செய்ய வேண்டியது: ரெண்டு துணி கட்டுங்க. மேல கருப்பு, கீழ பளீர்னு மஞ்சப்பச்சை. சாயந்திரம் மேக்க பாத்தா வானம் வெளுப்பா இருக்கும், கருப்பு எடுத்துக் காட்டும். கிழக்க பாத்தா வானமும் தண்ணியும் இருண்டு கிடக்கும், அங்க மஞ்சப்பச்சை கைகுடுக்கும். கம்புல ஒரு சுத்து ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டிட்டா டார்ச் அடிச்ச பக்கமே வெளிச்சத்த திருப்பி அனுப்பும், அதுக்கு பெரிய செலவும் இல்ல.

பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்குற அக்கா ஒருத்தங்க, மகளச் சொல்லி எழுத வச்சிருக்காங்க: "25 வருஷமா பாசி எடுக்குறேன். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு தெரியாத மரிக்கொழுந்துப் பாசி எனக்கு தண்ணிக்குள்ள தனியா தெரியும். கண்ணு நல்லாத்தான் இருக்கு. அப்படி இருந்தும் போன மாசம் கால் வச்ச இடத்துலயே கிடந்த திருக்கை தெரியாமப் போச்சு, குத்துவாங்கி ஒரு வாரம் படுத்துட்டேன். பாசி தெரியுற கண்ணுக்கு திருக்கை ஏன் தெரியல?"

அக்கா, இந்தக் கேள்விய படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா இதுக்குள்ள மொத்த விஷயமும் இருக்கு. ஒரு வாரம் வேலையில்லாம படுத்தா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

கண்ணுல படுறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நான் மேல சொன்ன எடுப்பு, பொருளே கூப்பிடும். இன்னொண்ணு நம்ம மனசுல இருக்குற தேடல், நாம எதத் தேடுறோமோ அதுக்கு மூளை முன்கூட்டியே வெளக்கேத்தி வச்சிருக்கும். 1960-கள்ல ரஷ்யாவுல யார்பஸ்னு ஒருத்தர் ஒரே ஓவியத்த ஒரே ஆளுக்கு திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு தடவையும் வேற வேற கேள்வி கேட்டாரு, இவங்களுக்கு என்ன வயசிருக்கும், இந்த வீட்டுல வசதி எப்படின்னு. கண்ணு போன தடத்த கோடா வரைஞ்சு பாத்தா கேள்வி மாற மாற தடமும் மாறிடுச்சு. வயசு கேட்டா முகத்துக்கு மொகம் தாவுது, வசதி கேட்டா மேச நாற்காலி துணிமணிக்கு போகுது. படம் அதேதான். உங்களுக்கும் அதேதான் அக்கா, கண்ணாடிய மாட்டிக்கிட்டு விரல்ல துணி சுத்திக்கிட்டு நீங்க முங்குன உடனே உங்க மூளை மரிக்கொழுந்தோட நிறம், அது பாறைய பிடிச்சுக்கிட்டு இருக்குற விதம், கட்டக்கோரைங்கற வேற பாசிக்கு நடுவுல அது ஆடுற ஆட்டம் எல்லாத்துக்கும் சத்தத்த கூட்டி வச்சிடுது, மத்ததுக்கு எல்லாம் சத்தத்த குறைச்சிடுது. புதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்ல, அதுக்கு எல்லாமே ஒரே பச்சை.

சத்தம் குறைஞ்ச பக்கத்துலதான் திருக்கை கிடந்துச்சு. அது வேற சும்மா கிடக்காது, மணல வாரி மேல போட்டுக்கிட்டு கண்ணு மட்டும் வெளிய தெரியுற மாதிரி கிடக்கும், அதோட ஓரக்கோடே மணலோட கலந்துடும், அப்ப எடுப்புங்கற வழியும் அடைஞ்சு போச்சு. உங்கள குத்தம் சொல்ல எதுவும் இல்ல. 2013-ல அமெரிக்காவுல ஒரு சோதனை நடந்துச்சு, 24 ஸ்கேன் டாக்டருங்க, படம் பாக்குறதே அவங்க தொழில். நுரையீரல் ஸ்கேன்ல சின்னச் சின்னக் கட்டிய தேடச் சொன்னாங்க. கடைசி ஸ்கேன்ல ஒரு மனுசக்குரங்கு படத்த உள்ள சொருகி வச்சிருந்தாங்க, சாதாரணமா தேடுற கட்டியவிட 48 மடங்கு பெருசு. 20 பேர் கவனிக்கல. அதுல பாதிக்கு மேல ஆளுங்களோட கண்ணு நேரா அது மேலேயே நின்னுட்டுப் போயிருக்கு. கண்ணு போச்சு, கருத்து போகல.

அபூர்வமா வர்றது இன்னும் மோசம். உல்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 2005-ல காட்டுனாங்க, தேடுற சாமான் ரெண்டு படத்துக்கு ஒண்ணுல இருந்தா 100-க்கு 7 தான் தவறவிடுறோம், 100 படத்துக்கு ஒண்ணுலதான் வரும்னா 30 தவறவிடுறோம். ஏர்போர்ட்ல பை சோதிக்கிறவங்க நெலமைய வச்சு யோசிச்சு பண்ணுன சோதனை அது. நீங்க வருஷத்துக்கு எத்தன தடவ திருக்கையப் பாப்பீங்க, எத்தன ஆயிரம் பிடி பாசியப் பாப்பீங்க?

அதனால கண்ண நம்பாதீங்க, கால நம்புங்க. ஆழம் கொறஞ்ச எடத்துல காலத் தூக்கி வைக்காம மணல்ல தேச்சுக்கிட்டே நடங்க, அதிர்வு தெரிஞ்சதும் திருக்கை தானா எந்திரிச்சு ஓடிடும், தூக்கி வச்சு மேல மிதிச்சாத்தான் வாலச் சுழட்டும். மறுபடி குத்துனா (குத்தக்கூடாது, சொல்லி வைக்கிறேன்) தாங்குற அளவு சூடான தண்ணியில கால அரைமணி நேரத்துக்கு மேல வைங்க, அந்த விஷம் சூட்டுல வலு போயிடும், வலி இறங்கும். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், முள்ளுத் துண்டு உள்ள நின்னு சீழ் வச்சிடும்.

தேவிபட்டினம் வாசகி: "ராத்திரி கடல் பக்கம் ஒரே ஒரு வெளிச்சம் அங்கயும் இங்கயும் அலையுது. நாங்க நாலு பேரும் பாத்தோம். பாட்டி கொள்ளிவாய்ப் பிசாசுன்னு சொல்றாங்க."

பாட்டி பொய் சொல்லலம்மா, அவங்களுக்கு நிசமாவே அலையுற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். கும்மிருட்டுல ஒத்த வெளிச்சத்தப் பாத்தா பக்கத்துல ஒப்பிட்டுப் பாக்க வேற ஒண்ணும் இல்லாததால மூளைக்கு அது எங்க நிக்குதுன்னு பிடி கிடைக்காது, நின்ன வெளிச்சமே நகர்ற மாதிரி தோணும். முசாபர் ஷெரிஃப்னு ஒருத்தர் 1935-ல இருட்டு ரூம்ல ஆளுங்கள உக்கார வச்சு, ஆடாத வெளிச்சம் எவ்வளவு தூரம் நகந்துச்சுன்னு கேட்டாரு. தனியா கேட்டப்ப ஆளுக்கொரு கணக்கு. கூட்டமா கேட்டப்ப கொஞ்சம் கொஞ்சமா எல்லார் கணக்கும் ஒண்ணா வந்து சேந்துடுச்சு. நாலு பேரும் பாத்தோம்னு சொல்றீங்களே, அது இதுதான். அடுத்த தடவ ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னு, தூண் ஓரத்தோட அந்த வெளிச்சத்த சேத்து வச்சுப் பாருங்க, ஆட்டம் அப்படியே நின்னுடும்.

கீழக்கரையில பிளஸ் டூ படிக்கிற பொண்ணு: "மிஸ், இதெல்லாம் மூளையில எந்த இடத்துல நடக்குது? எது எடுப்புன்னும் அது என்னன்னும் முடிவு பண்றது யாரு?"

பாப்பா, ஒரு எடம்னு கிடையாது, வரிசையா கை மாறுது. மொதல்ல ஒரு கணக்கு. ஒரு கண்ணுல 12 கோடிக்கு கிட்ட குச்சி, 60 லட்சத்துக்கு கிட்ட கூம்பு, ஆனா மூளைக்குப் போற நரம்புல இழை சுமாரா 10 லட்சம்தான். அவ்வளவையும் அனுப்ப முடியாது, அதனால விழித்திரையே சுருக்கி அனுப்புது. எப்படின்னா, நடுவுல உள்ள வெளிச்சத்தையும் சுத்தி உள்ள வெளிச்சத்தையும் ஒப்பிட்டு வித்தியாசம் எவ்வளவுங்கறத அழுத்திச் சொல்லுது. பூனைக் கண்ணுல குஃப்ளர்னு ஒரு விஞ்ஞானி 1953-ல இதக் காட்டுனாரு. ஒரே சீரா இருக்குற வெள்ளச் சொவரப் பத்தி அதுக்கு சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, சொவத்துல ஒரு பல்லி இருந்தா நெறைய சொல்லும். அடுத்தது பின்மண்டையில உள்ள பார்வைப் புறணி, அங்க நெறைய செல்லுங்க ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட சாய்வுல உள்ள கோட்டுக்கு மட்டும் துள்ளும்னு ஹூபல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சு 1981-ல நோபல் வாங்குனாங்க.

இதுக்கு மேல 1985-ல கோக், உல்மன் ரெண்டு பேரும் ஒரு யோசனை சொன்னாங்க. நிறம், வெளிச்சம், சாய்வு, அசைவு இப்படி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வர்ற வித்தியாசத்த எல்லாம் கூட்டி மூளை ஒரே வரைபடமா போடுது, அதுல எந்தப் புள்ளி ஒசந்து நிக்குதோ அங்க கண்ணத் திருப்புதுன்னு. 1998-ல இட்டி, கோக், நீபர் மூணு பேரும் அத கம்ப்யூட்டர்லயே ஓட்டிக் காட்டிட்டாங்க. நம்ம கடற்கரை மீன் ஏலத்த நினைச்சுக்கோ. ஒரே நேரத்துல பத்து பேர் கத்துறாங்க, பெரிய சத்தம் ஜெயிக்குது, அந்தக் கூடை போயாச்சு, ஏலக்காரர் அந்தக் கூடைய ஒதுக்கிட்டு அடுத்த கூடைக்கு வர்றாரு. மூளையும் பாத்து முடிச்ச எடத்த கொஞ்ச நேரம் அமத்தி வச்சிட்டு அடுத்த எடத்துக்குப் போகும், இல்லேன்னா கண்ணு ஒரே எடத்துல மாட்டிக்கிட்டு நின்னுடும். ஒரு செகண்டுக்கு சுமாரா 3 தடவ கண்ணு தாவுது. தாவித்தான் ஆகணும், ஏன்னா கூர்மையா தெரியுற எடம் ரெண்டு டிகிரிதான், கைய நீட்டி கட்டவிரல் நகத்தப் பாத்தா அந்த நகம் அளவு. மத்த எல்லாம் மங்கல், நமக்குத்தான் எல்லாம் தெளிவா தெரியுற மாதிரி இருக்கு.

அது என்னன்னு முடிவு பண்றதும் ஏலம் மாதிரியேதான். குரங்க வச்சு ஒரு சோதனை பண்ணுனாங்க. திரையில புள்ளிங்க கலைஞ்சு ஓடும், அதுல கொஞ்சம் மட்டும் ஒரே பக்கமா போகும், எந்தப் பக்கம்னு குரங்கு சொல்லணும். நியூசம், ஷாட்லன்னு ஆராய்ச்சியாளருங்க குரங்கோட மூளையில பொட்டுப் பக்கத்துக்கு மேல உள்ள ஒரு பகுதியில செல்லுங்களோட துடிப்பு ஆதாரம் சேரச் சேர ஏறிக்கிட்டே போறத அளந்தாங்க. ஒரு மட்டத்தத் தொட்டதும் முடிவு, தட்டியாச்சு. எடுப்பா இருக்குற பொருளு இந்த ஏலத்துல முன்னாடியே கையத் தூக்குன ஆளு மாதிரி, அத மொதல்ல பாக்குறோம், அதிக நேரம் பாக்குறோம், அதுக்கு ஆதாரம் அதிகமா சேருது. இன்னும் ஒரு படி மேல, நியூயார்க்ல மரிசா கராஸ்கோவும் கூட வேல பாத்தவங்களும் 2004-ல காட்டுனது என்னன்னா, கவனம் போன எடத்துல உள்ள கோடு நிசத்தவிட அழுத்தமாவே தெரியுதாம். கவனிச்சதால தெளிவா தெரியுதுன்னு மட்டும் இல்ல, தோற்றமே மாறுது.

வீட்டுல செஞ்சு பாரு. தட்டுல ஒரு பிடி அரிசிய பரப்பி ஒரு கருப்பு உளுந்து போடச் சொல்லு, கண்டுபிடிக்கிற நேரத்த எண்ணு. அரிசிய நாலு பிடியாக்கு. நேரம் பெருசா மாறாது. இப்ப உளுந்துக்கு பதிலா வெள்ளக் கல்லு ஒண்ணு போடச் சொல்லு. பிடிக்குப் பிடி நேரம் ஏறும். அம்மா மொறத்துல கல்லு பொறுக்குறப்ப ஏன் அவ்வளவு நேரமாகுதுன்னு தெரிஞ்சுடும்.

ராமநாதபுரம், அரசு ஊழியர்: "மார்க்கெட்ல பளபளன்னு இருந்த விளமீன் எடுத்துட்டு வந்தேன். வீட்டுல வந்து பாத்தா கொழகொழன்னு இருக்கு. பாத்துதானே வாங்குனேன்?"

பாத்தீங்க, ஆனா எத? மேல தொங்குற எல்இடி லைட்டு, மீன் மேல அடிக்கடி தெளிக்கிற தண்ணி, ரெண்டும் சேந்து ஒரு மினுமினுப்ப குடுக்கும், குவியல்ல மினுங்குற மீனுதான் மொதல்ல கண்ண இழுக்கும். மேல கட்டியிருக்குற தார்ப்பாய் சிவப்பா இருந்தா செவுளும் சிவப்பா தெரியும். மினுமினுப்பு தண்ணியோடது, மூளை அத மீனு கணக்குல எழுதிடுது. 2012-ல கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துல தின்பண்டத்த வச்சு பாத்தாங்க. கண் சிமிட்டுற நேரத்துக்கு படத்தக் காட்டி தேர்ந்தெடுக்கச் சொன்னா, தனக்குப் பிடிச்ச பண்டத்த விட்டுட்டு பளிச்சுன்னு காட்டுனத எடுக்குறது அதிகமாச்சு, மனசுல வேற வேலையும் குடுத்தா இன்னும் அதிகம். ஆபீஸ் முடிஞ்சு பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல, கையில ஃபோனோட, பேரம் பேசிக்கிட்டே வாங்குறோம்ல, அதே நெலமதான்.

எங்கம்மா மீன கண்ணால வாங்க மாட்டாங்க, விரலால வாங்குவாங்க. கட்டவிரல வச்சு முதுகுப் பக்கம் அமுக்குவாங்க, குழி உடனே மேல வந்துச்சுன்னா சரி, குழி நின்னா கூடைய விட்டு நகந்துடுவாங்க. அப்புறம் கண்ணு, முழி தூக்கலா தெளிவா இருக்கணும், உள்வாங்கி பால் படிஞ்ச மாதிரி இருந்தா பழசு. அதுக்கு அப்புறம்தான் செவுள், அதையும் மீன வெயில் பக்கம் திருப்பிப் பாப்பாங்க. தொட்டுப் பாக்குறதுல மினுமினுப்புக்கு எந்த வேலையும் இல்ல பாருங்க. நீங்களும் மொதல்ல கையத்தான் குடுங்க.

அரிச்சல்முனைக்கு வேன் ஓட்டுறவர்: "காத்துக் காலத்துல மணல் ரோட்டுல பறக்கும்போது முன்னாடி போற பைக்கு பக்கத்துல வந்தப்புறம்தான் வேகமே புரியுது, ஏன்?"

மணல் பறந்தா எல்லாம் வெளுத்துப்போய் வித்தியாசம் கொறையும், வித்தியாசம் கொறைஞ்சா மூளை வேகத்தையும் கொறச்சு மதிப்பிடும். தாம்ப்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1982-ல இத காட்டுனாரு, 1998-ல வேற சிலர் பண்ணுன சோதனையில வண்டி ஓட்டுற மாதிரியான சிமுலேட்டர்ல பனிய கூட்டிக்கிட்டே போனா ஆளுங்க தனக்கே தெரியாம வேகத்த கூட்டுனாங்க. மெதுவா போறோம்னு உங்களுக்குத் தோணுறதே பொய் அண்ணே, அந்த நேரத்துல ரோட்டப் பாத்து வேகத்த முடிவு பண்ணாதீங்க, மீட்டரப் பாத்து முடிவு பண்ணுங்க, ஹெட்லைட்டயும் போட்டுருங்க. டூரிஸ்ட் பிள்ளைங்க அந்த ரோட்டுல இறங்கி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்.

தொண்டியில இருந்து ஒரு தாய்: "மகன் இந்த வருஷம்தான் படகுல போறான். ராத்திரி எதிர்ல படகு வந்தா வெளிச்சம் தெரியுமேன்னு சொல்றான். வெளிச்சம் தெரிஞ்சும் ஏன் மோதுறாங்க?"

அம்மா, இத கடைசியா வச்சிருக்கேன், ஏன்னா இது எங்க வீட்டுல நடந்தது.

10, 12 வருஷம் இருக்கும். என் தம்பி படகோட பின்பக்கம், அமரத்துல உக்காந்து சுக்கான் பிடிச்சிருக்கான், மத்த மூணு பேரும் அசந்து தூங்குறாங்க. முன்பக்கம், அணியத்துல இருக்குற கொடிக்கம்புக்கு ரெண்டு விரக்கடை பக்கத்துல ஒரு வெளிச்சம். தூரத்துல, சின்னதா. அவன் அதப் பாத்தான், பாத்தேன்னு அவனே சொல்றான், பாத்துட்டு விட்டுட்டான். ஏன்னா அது நகரவே இல்ல. அந்தப் பக்கம் இன்னும் நாலஞ்சு வெளிச்சம் நகந்துக்கிட்டு இருந்துச்சு, கண்ணு முழுக்க அதுங்க மேல. கம்புக்கு ரெண்டு விரக்கடையில நின்ன வெளிச்சம் அப்படியே நின்னுச்சு, நின்னுச்சு, திடீர்னு ஒரு படகாச்சு. சுக்கான ஒடிச்சதுல பக்கவாட்டுல ஒரசிக்கிட்டுப் போயிடுச்சு, பலகை ஒண்ணு பேந்துச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. காலையில வீட்டுக்கு வந்து டீ டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருந்தான், அப்பவும் டீ ததும்புச்சு.

எது நகருதோ அது எடுப்பா தெரியும், அப்படித்தான் நம்ம மூளை. ஆனா ரெண்டு படகும் அது அது பாதையில வேகம் மாறாம போய் ஒரே எடத்துல சந்திக்கப் போகுதுன்னா, இந்தப் படகுல இருந்து பாக்குறவனுக்கு அந்தப் படகு ஒரே தெசையில நின்ன மாதிரிதான் தெரியும். நகர்ற வெளிச்சம் பெரும்பாலும் முன்னாடியோ பின்னாடியோ கடந்து போயிடும். நிக்கிறதுதான் நம்ம மேல வருது. ஆபத்து உள்ளதுக்கு எடுப்பு இல்ல, ஆபத்து இல்லாததுக்கு எடுப்பு இருக்கு, இதவிட கொடுமை என்ன இருக்கு சொல்லுங்க.

பெருசாகுமே, அது தெரியாதான்னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 5 மீட்டர் அகலப் படகு 800 மீட்டர்ல இருக்கு, ரெண்டு படகும் செகண்டுக்கு 8 மீட்டர் நெருங்குது, மொத்தம் 100 செகண்ட். கைய நீட்டிப் பாத்தா சுண்டுவிரல் நகத்துல மூணுல ஒரு பங்கு அகலம். அது ரெண்டு மடங்காக 50 செகண்ட் ஆகும். அடுத்த ரெண்டு மடங்குக்கு 25. அதுக்கடுத்ததுக்கு பன்னெண்டரை. அப்ப மிச்சம் இருக்கறதும் பன்னெண்டரைதான். மொத ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், கடைசி கால் நிமிஷத்துல மொத்தமா மேல வந்து நிக்கும். இது பகல்ல. ராத்திரியில அகலமே தெரியாது, ஒரு புள்ளிதான் தெரியும்.

1972-ல போட்ட சர்வதேச கடல் போக்குவரத்து விதியில 7-வது விதி இதத்தான் சொல்லுது, நெருங்கி வர்ற கலத்தோட தெசை காம்பஸ்ல சொல்லிக்கிற அளவு மாறலேன்னா மோதல் ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கணும். பெரிய கப்பலா இருந்தாலோ ரொம்ப கிட்ட இருந்தாலோ தெசை மாறுனாலும் ஆபத்து உண்டுன்னும் சொல்லுது. மகன்கிட்ட இத விதின்னு சொல்லாதீங்க, இப்படிச் சொல்லுங்க: ஒரு வெளிச்சம் தெரிஞ்சா படகுல ஒரே எடத்துல உக்காந்து கொடிக்கம்போட சேத்துப் பாரு, நம்ம படகு நேராப் போகுதான்னு காம்பஸையும் பாரு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாரு. ரெண்டு தடவையும் அதே எடம்னா அது உன்னத் தேடித்தான் வருது. எதிர்ப் படகோட ரெண்டு பக்க விளக்கு, சிவப்பும் பச்சையும், சேந்து தெரிஞ்சா அது நேருக்கு நேர், அதுல யோசிக்கவே வேணாம்.

இன்னும் ரெண்டு சங்கதி. படகுக்குள்ள பளீர்னு வெள்ள எல்இடி போட்டு வச்சிட்டு கடலப் பாத்தா ஒண்ணும் தெரியாது, கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஃபோன ஒரு தடவ தொறந்தா கொஞ்சத்துல அது போச்சு. மங்கலான வெளிச்சத்த நேரா முறைச்சுப் பாக்காம கொஞ்சம் பக்கவாட்டுல பாக்கச் சொல்லுங்க, கண்ணோட நட்டநடுவுல குச்சி செல்லு கிடையாது, ஓரத்துலதான் இருட்டுப் பார்வை பலமா இருக்கும். கரைப் பக்கம் பாத்தா ஊரு லைட்டுக்கு நடுவுல படகு வெளிச்சம் கலந்து போயிடும், அரிசியில வெள்ளக் கல்லு மாதிரி, அங்க ஒண்ணொண்ணா நின்னுதான் பாக்கணும்.

என் தம்பி இப்ப உள் லைட்டுக்கு சிவப்புத் தாள் ஒட்டி வச்சிருக்கான். அவன் மகனும் கூடப் போறான், அவனுக்குக் குடுத்திருக்குற வேலையே இதுதான், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு ஒவ்வொரு வெளிச்சத்தையும் கம்போட சேத்துப் பாத்து சத்தமா சொல்லணும், நகருது, நகருது, நகருதுன்னு. போன வாரம் ஒரு ராத்திரி "நிக்குதுப்பா"ன்னு சொல்லிருக்கான். தம்பி வேகத்த கொறச்சு விலகிப் போய் பாத்தா நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு விசைப்படகு, அதுல எல்லாரும் தூங்கிக்கிட்டு இருந்தாங்களாம், இவங்க நேரா அது மேலதான் போய்க்கிட்டு இருந்திருக்காங்க.